வியர்க்காத உடம்பு

அந்த வருடம் ஆடி மழையில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நீலகிரியில், கிளென்மார்கன் பக்கம், ஆடியில் காய்ச்சல் வருவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் வேலை பார்க்கும் எஸ்டேட் ஆபீசில் ஒருவர் மாற்றி ஒருவர் படுத்து எழுந்துகொண்டிருந்தார்கள். நானும் லீவு சொல்லிவிட்டு மிளகு ரசமும் மாத்திரையுமாகக் கிடந்தேன். காய்ச்சல் விட்டது. சால்வையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

எனக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. சொந்த ஊர் அவிநாசிக்குப் பக்கம். படித்து முடித்த கையோடு இந்த ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்து மலையேறியவள். பார்த்த வரன்களெல்லாம் மலைக்கு வரத் தயங்கின. கொஞ்ச வருடம் கழித்து இறங்குவதற்கு நான் தயங்கினேன். அப்படியே நின்றுபோனது. அப்பா அம்மா இருவரும் இல்லை. திருப்பூரில் பனியன் தைக்கும் யூனிட் வைத்திருக்கும் தம்பி ஒருவன்தான் எனக்கு. ஆபீசுக்குப் பின்னால் மேட்டில் தகரக் கூரை போட்ட இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் இருபது வருடத்துக்கு மேல் தனியாக இருக்கிறேன். சன்னலைத் திறந்தால் தேயிலை. மூடினால் மழைச் சத்தம்.

காய்ச்சலுக்குப் பிறகு முதலில் நின்றது எச்சில். ஒரு நாள் மதியம் சோற்றை வாயில் வைத்தேன். மெல்ல மெல்ல அது கோலமாவு போல வாயெல்லாம் ஒட்டிக்கொண்டதே தவிர உள்ளே இறங்கவில்லை. தண்ணீர் ஊற்றி விழுங்கினேன். மறுநாள் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைத் திறந்து வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் ஊறவில்லை. ஊறுகாயைப் பார்த்தால் வாய் ஊறும் என்பதை அதற்கு முன் நான் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

அப்புறம் வெயில். வாரக்கணக்கில் மூடிக் கிடந்த மேகம் ஒரு காலையில் விலகியது. வாசலுக்கு வந்தவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன். தேயிலைச் செடி முழுக்கக் கண்ணாடித் துண்டுகளைக் கொட்டிவைத்த மாதிரி இருந்தது. உள்ளே போய்க் கண்ணாடியில் பார்த்தேன். என் கண்களில் பழுப்பே இல்லை, எல்லாம் கறுப்பு. கண்மணி விரிந்து ஓரத்தில் மெல்லிய கோடு மட்டும் மிஞ்சியிருந்தது. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். கறுப்பு அசையவில்லை.

ஊட்டியில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து, வயிற்றுக்கு ஒரு மாத்திரை. வயிறும் அதற்குள் வேலைநிறுத்தம் செய்யத் தொடங்கியிருந்தது. கொஞ்சம் சாப்பிட்டாலே நெஞ்சுவரை நிரம்பிவிடும். மலம் கழிப்பதும் சிறுநீர் கழிப்பதும் நானே அமுக்கி, முக்கி, கெஞ்சிச் செய்யவேண்டிய வேலைகளாகிவிட்டன. அதை அந்த வயதான டாக்டரிடம் பாதிதான் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்காரவைத்து பிரஷர் பார்த்தார்.

"வீட்டுல யாரெல்லாம் இருக்கறீங்க?"

"நான் மட்டுந்தானுங்க."

"ஒண்டியாவா?" என்றார். பேனாவை மூடி வைத்தார். "அதானுங்கம்மா. ஒண்டியா இருந்தா மனசு உடம்பையே பாத்துட்டு இருக்கும். டென்ஷனைக் குறைங்க."

அதற்குப் பிறகு நான் பார்த்த இன்னொரு டாக்டரும் ஏறக்குறைய இதையே சொன்னார். ஒண்டியாக இருப்பது ஒரு வியாதியின் பெயர் போல ஆகிவிட்டது. நானும் பாதி நம்பினேன். சாயங்காலம் ஆபீசைப் பூட்டிவிட்டு மேடேறும்போது, இத்தனை வருடம் ஒரு குறையும் தெரியாமல் இருந்த தனிமைதான் இப்போது உள்ளே இறங்கி ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு போகிறதோ என்று தோன்றும்.

பிறகு விழத் தொடங்கினேன். காலையில் கட்டிலிலிருந்து எழுந்து அடுப்படிக்கு நடப்பேன். கழுத்தின் பின்புறம் ஒரு வலி வரும். காதுக்குள் தண்ணீர் புகுந்த மாதிரி சத்தமெல்லாம் தூரப் போகும். பார்வை ஓரங்களிலிருந்து சாம்பல் நிறமாக மூடிக்கொண்டு வரும். அடுத்து நான் பார்ப்பது அடுப்பு மேடையின் அடிப்பக்கம். சிமெண்ட் தரை கன்னத்தில் சில்லென்று இருக்கும். கொஞ்ச நேரம் கிடந்தால் எல்லாம் தெளிந்துவிடும். எழுந்து நின்றால் மறுபடி.

ஒரு முறை விழித்தபோது பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. கேஸ் நாற்றம். தலையைத் தூக்காமல் தரையோடு ஊர்ந்து போய் சிலிண்டரை மூடினேன். கதவுவரை அப்படியே ஊர்ந்து, படுத்தபடியே தாழ்ப்பாளைத் தள்ளித் திறந்தேன். வெளியே மூடுபனி. ஆள் நடமாட்டம் இல்லை. வாசற்படியில் கிடந்தபடி, நான் இப்படிக் கிடப்பது யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். ஒரு செய்தியைப் படிப்பது போல அந்த நினைப்பு வந்தது. அடுத்த நாள் அடுப்பை இறக்கித் தரையில் வைத்துக்கொண்டேன். உட்கார்ந்தே சமைத்தேன்.

ஆவணியில் பெரியப்பா பேத்தியின் கல்யாணம். போகாமல் இருந்தால் பேச்சாகிவிடும் என்று இறங்கிப் போனேன். அவிநாசியில் மண்டபம். மலையிலிருந்து வருகிறவர்களுக்கு மேட்டுப்பாளையம் தாண்டியதும் முதுகில் பிளவுஸ் நனையும். எனக்கு நனையவில்லை. மண்டபத்துக்குள் நூற்றுக்கணக்கான பேர், ஹோமப் புகை, மேலே சுற்றினாலும் காற்று வராத ஃபேன்கள். எல்லோர் முகமும் எண்ணெய் தடவியது போல மின்னியது. பட்டுச் சேலைகள் அக்குளில் வட்டமாகக் கறுத்திருந்தன. சின்ன வயதில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த உறவுக்காரி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"பாருங்க, ஊட்டிக்காரங்க ஊட்டிக்காரங்கதான். ஒரு சொட்டு வேர்வை இல்ல. பவுடர் கூட கலையல."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் தோல் தோசைக்கல் போலச் சுட்டுக்கொண்டிருந்தது. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போனது, வெளியேற வழி இல்லாமல். கெட்டிமேளம் கேட்டு அட்சதையோடு எல்லோரும் எழுந்தோம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கண் விழித்தபோது யாரோ சோடாவைத் தெளித்துக்கொண்டிருந்தார்கள். என்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்ததும் மறுபடி மயங்கினேன். மறுபடி தூக்கினார்கள், மறுபடி மயங்கினேன். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து அத்தனை பேரும் சேர்ந்து என்னைத் திரும்பத் திரும்ப விழவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"தூக்காதீங்க," என்றேன். "என்னைக் கீழயே விடுங்க."

"சாப்புட்டாங்களோ என்னமோ," என்றது ஒரு குரல். "ஆளு வேணும் கண்ணு, ஒத்தையில இருந்தா இப்படித்தான்," என்றது இன்னொன்று. தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் நெற்றியில் கை வைத்தான். உடனே கையை எடுத்துக்கொண்டான். "அக்கா, நெருப்பாட்டம் கொதிக்குதுங்க்கா," என்றான். மாப்பிள்ளை வீட்டார் காரிலேயே என்னைப் படுக்கவைத்துக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனான்.

அங்கே அவசரப் பிரிவில் இருந்த ஒரு பையன் டாக்டர் அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். படுக்கவைத்து பிரஷர் பார்த்தார். பிறகு பிடித்துக்கொண்டு நிற்கவைத்துப் பார்த்தார். நின்றதும் பிரஷர் பாதாளத்துக்குப் போனது. நான் அவர் தோளிலேயே சாய்ந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த இன்னொருவரைப் பார்த்து, "நாடி ஏறவே இல்லையே," என்றார். அடுத்த நாள் என்னை நரம்பு டாக்டரிடம் மாற்றினார்கள்.

அவர் ஒரு அம்மாள். என் வயதுதான் இருக்கும். நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். எச்சில், கண், வயிறு, கழிவறை, வியர்வை, விழுவது. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தனித்தனியாக நான் தூக்கிச் சுமந்துகொண்டிருந்த கஷ்டங்கள் எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது அவர் தலையாட்டலிலேயே தெரிந்தது.

"இது மனசு இல்லீங்க," என்றார். "நீங்க எந்திரிச்சு நிக்கறப்ப ரத்தம் கால் பக்கம் எறங்கும். எனக்கும் எறங்கும், எல்லாத்துக்கும் எறங்கும். அந்த நிமிஷமே கால்ல, வயித்துல இருக்கற ரத்தக்குழாய் சுருங்கணும். இதயம் கொஞ்சம் வேகமா அடிக்கணும். அப்பத்தான் தலைக்கு ரத்தம் போகும். உங்களுக்கு ரெண்டும் நடக்கறதில்லை."

"அதை யாருங்க டாக்டர் செய்யறது?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு குழந்தைத்தனமான கேள்வி என்று தோன்றியது.

அவர் சிரிக்கவில்லை. "கையைத் தூக்கறது, நடக்கறது, பேசறது எல்லாம் நாம நெனைச்சாத்தான் நடக்கும். இதயம், குடல், வேர்வை, கண்மணி சுருங்கறது, விரியறது, இதெல்லாம் நம்மைக் கேக்கறதே இல்லை. அதுக்குன்னு தனியா நரம்புங்க இருக்கு. தானியங்கு நரம்பு மண்டலம்னு பேரு. அதுல ரெண்டு பக்கம். ஒண்ணு உடம்பை முடுக்கி விடும், பயந்தா, ஓடினா, குளிர்ந்தா. இன்னொண்ணு அமைதிப்படுத்தும், சாப்பாட்டை செரிக்க வைக்கும். ரெண்டும் மாத்தி மாத்தி இழுத்துக்கிட்டே இருக்கறதாலதான் நாம சமமா இருக்கோம்."

"எனக்கு எதுங்க போயிடுச்சு?"

"ரெண்டும். இந்த நரம்பு மூளையிலிருந்தும் தண்டுவடத்துலிருந்தும் நேரா இதயத்துக்கோ குடலுக்கோ போறதில்லீங்க. நடுவுல நரம்பு முடிச்சுன்னு ஒரு எடம். அங்க ஒரு நரம்பு கொண்டுவர்ற சேதியை அடுத்த நரம்பு வாங்கிட்டுப் போகும். காய்ச்சல் வந்தப்ப உங்க உடம்பு கிருமியை எதிர்க்க ஏதோ உண்டாக்கியிருக்கு. அது தவறுதலா இந்த முடிச்சுல போய் ஒக்காந்திருக்குன்னு நெனைக்கறேன். சேதி வருது, கை மாற மாட்டேங்குது."

அன்று மத்தியானம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பலகைக் கட்டிலில் படுக்கவைத்து மார்பிலும் இடுப்பிலும் பட்டை போட்டு இறுக்கி, கட்டிலை அப்படியே தலைப்பக்கம் நிமிர்த்துவார்கள். அதற்கு முன் ஒரு நர்ஸ் கேட்டாள்: "கூட யாருங்க வந்திருக்கறது?"

தம்பிக்கு ஷிப்மெண்ட் நாள். காலையில் திருப்பூர் போனவன் சாயங்காலம்தான் வருவான். அவன் மனைவி பையனின் பள்ளியில் மீட்டிங்குக்குப் போக வேண்டும்.

"நான்தான் வந்திருக்கேன்."

"இல்லீங்க, பேஷண்டுக்குத் துணைக்கு."

"அதுக்கும் நான்தான்."

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு கட்டிலருகே வந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பெண். சோதனை அறையில் பிரமாதமான ஏ.சி. இருந்தும் அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கலாம், பயமாக இருந்திருக்கலாம். என் கை ஓலை போலக் காய்ந்து கிடந்தது. கட்டில் நிமிரத் தொடங்கியது. மானிட்டரில் என் நாடி ஒரே எண்ணில் நின்றது. நான் மயங்கும் வரைக்கும் அந்த எண் மாறவில்லை என்று பிறகு சொன்னார்கள். நான் விழப்போவது என் இதயத்துக்குத் தெரிவிக்கப்படவே இல்லை.

சிகிச்சை அடுத்த நாள் தொடங்கியது. ரத்தத்தை வெளியே எடுத்து, அதில் இருக்கும் கெட்டதைப் பிரித்துவிட்டு உள்ளே அனுப்பும் இயந்திரம் ஒன்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதன் பக்கத்தில் படுத்திருப்பேன். பிறகு மாத்திரைகள். சாப்பாட்டில் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். வயிற்றைச் சுற்றி இறுக்கமான பெல்ட், தொடைவரை ஏறும் காலுறை. படுக்கும்போது தலைமாட்டை உயர்த்திவைக்க வேண்டும். "மெதுவாத்தான் வரும். முழுசா வருமான்னு சொல்ல முடியாதுங்க," என்றார் டாக்டரம்மா.

ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி வீட்டுக்குப் போனேன். என் மருமகன், அதாவது தம்பி மகன், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய பழைய பிளஸ் ஒன் விலங்கியல் பாடப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படுத்தபடி புரட்டினேன். தமிழ் மீடியம். முடுக்கிவிடும் பக்கத்துக்கு 'பரிவு நரம்பு மண்டலம்' என்று பெயர் போட்டிருந்தது. அமைதிப்படுத்துவதற்கு 'எதிர்ப்பரிவு'. பரிவு என்ற சொல்லை அந்த இடத்தில் நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு உறுப்புக்கு வருவது இன்னொன்றுக்கும் தெரிவதால், ஒன்றுக்காக ஒன்று துடிப்பதால் அப்படி வைத்திருப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். கால் நின்றால் இதயம் முந்திக்கொள்கிறது. தோல் சுட்டால் வியர்வை ஓடி வருகிறது. என் உடம்புக்குள் இத்தனை வருடம் ஒரு பெரிய கூட்டுக்குடும்பம் எனக்குத் தெரியாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது ஒவ்வொன்றும் தனித்தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது.

தம்பி வீட்டிலேயே இருந்துவிடச் சொன்னான். மனதாரத்தான் சொன்னான். "அங்க ஒண்டியா எப்படீங்க்கா இருப்பீங்க? வேலையை விட்டுருங்க."

ஆனால் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. திருப்பூர் வெயிலில் பத்து மணிக்கே நான் கொதிக்கத் தொடங்குவேன். ஈரத் துண்டை மேலே போர்த்திக்கொண்டு ஃபேனடியில் கிடப்பேன். துண்டு காய்ந்தால் மறுபடி நனைக்க வேண்டும். வியர்வையின் வேலையைத் துண்டு பார்த்தது. தம்பி மனைவி அலுக்காமல் நனைத்துக் கொடுத்தாள். ஒரு நாள் அவள் ரேஷன் கடையிலிருந்து வர நேரமாகி, நான் நினைவில்லாமல் கிடந்ததைப் பார்த்து அலறிவிட்டாள். டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். "வேர்வை திரும்பற வரைக்கும் குளுர்ந்த எடம்தான் உங்களுக்கு நல்லது," என்றார்.

மனிதர்கள் இருக்கும் இடத்தில் என் உடம்பு இருக்க முடியாது. என் உடம்பு இருக்க முடிகிற இடத்தில் எனக்கு மனிதர்கள் இல்லை. அதிகாலைக் குளிரில் தம்பி காரில் கொண்டுவந்து விட்டான். மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி ஒரு வளைவில் இறக்கத்தில் வந்த லாரி ஒன்று எங்கள் மேல் ஏறுவது போல வந்து, மயிரிழையில் ஒதுங்கிப் போனது. தம்பி காரை ஓரம்கட்டி ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. செத்திருப்போம் என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் நெஞ்சில் ஒன்றும் நடக்கவில்லை. பயம் ஒரு வாக்கியமாக மட்டும் வந்து போனது. "நீங்க தைரியசாலிங்க்கா," என்றான் தம்பி, தண்ணீர் குடித்துக்கொண்டே.

மலையில் நிற்பதை மறுபடி கற்றுக்கொண்டேன். விழித்ததும் படுத்தபடியே இரண்டு டம்ளர் தண்ணீர். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக் கெண்டைக்காலை இறுக்கி, தளர்த்தி, இறுக்கி. பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, நின்றபடியே கால்களைக் கத்தரி போலப் பின்னிக்கொள்வது. அடுப்படியில், வாசலில், ஆபீசில் பீரோவுக்குப் பக்கத்தில் என்று நான் போகும் இடமெல்லாம் ஒரு ஸ்டூல் இருந்தது. மற்றவர்கள் கேட்காமல் எழுந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு வித்தை போல இருக்கும்.

கீழே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு அம்மா இருந்தார். சின்னக் குழந்தையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து தாய் தகப்பனோடு வந்தவர். எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர், புருஷன் தவறிவிட்டார். நான் விழுந்த கதை ஆபீஸ் வழியாக லயத்துக்குப் போயிருந்தது. அவர் என்னிடம் எதுவும் விசாரிக்கவில்லை. ஒரு காலையில் வேலைக்குப் போகிற வழியில் என் சன்னலுக்குக் கீழே நின்று குரல் கொடுத்தார்.

"கிளாக்கரம்மா, எழும்பிட்டீங்களா?"

"எழும்பலீங்க. ஒக்காந்திருக்கேன்."

"சரி, மெல்லமா எழும்புங்க. நான் நிக்கிறேன்."

நான் எழுந்து சன்னலைத் தட்டும்வரை நிற்பார். தட்டியதும் போய்விடுவார். அதற்குப் பிறகு தினமும் இதுதான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, "ஒரு தேத்தண்ணி போடவா?" என்று கேட்டு அவரே போடுவார். அதிகம் பேச மாட்டோம். அந்த ஒரு குரலுக்காக நான் விடியும் முன்பே விழித்துக் காத்திருப்பேன் என்பதை அவரிடம் சொன்னதில்லை.

மார்கழியில் உறைபனி விழத் தொடங்கியபோது அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மகன் திருப்பூரில் மில் வேலை. லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு அவனோடு போக வேண்டும். சாமான்களை ஏற்றிய ஜீப் ரோட்டில் நின்றது. அவர் மேடேறி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே அழுதார். கண்ணீர் கன்னத்துச் சுருக்கங்களில் வழி தேடி இறங்கியது.

எனக்கும் அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் கண்ணில் ஒன்றும் வரவில்லை. கண்ணீரும் அந்த நரம்புகளின் வேலைதான். கண் எரிந்தது, அவ்வளவே. வறண்ட முகத்தோடு அவர் முன்னால் நின்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"படிச்சவங்க அழ மாட்டீங்க, என்ன?" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் கையை விட்டுவிட்டார்.

அவருக்கு நான் எதை விளக்குவது? முடிச்சையா, சேதியையா? அவர் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். தேயிலை மேல் பனி உருகி வெயில் அதில் பட்டுத் தெறித்தது. தாங்க முடியாமல், சேலை முடிச்சில் எப்போதும் வைத்திருக்கும் செயற்கைக் கண்ணீர் மருந்தை எடுத்து இரண்டு கண்ணிலும் விட்டேன். எப்போதும் போல அதிகமாகவே விழுந்து கன்னத்தில் வழிந்தது. ஜீப்பில் ஏறிய அவர் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்தே, "அழாதீங்க கிளாக்கரம்மா! ஒடம்பைப் பாத்துக்குங்க!" என்று கத்தினார். நான் தலையாட்டிவிட்டுக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன். ஜீப் வளைவில் மறைந்தது.

மறுநாள் காலை வழக்கமான நேரத்தில் விழித்தேன். தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்தேன், காலை இறுக்கினேன். சன்னலுக்கு வெளியே கொழுந்துக்குப் போகிறவர்களின் பேச்சு கடந்து போனது. எழுந்தேன்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கோயம்புத்தூருக்கு இறங்கிப் போய் ஒரு நாள் முழுக்க ஊசி மருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். முன்னேற்றம் இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்பார். மயக்கம் குறைந்தது. சாப்பாடு கொஞ்சம் இறங்கியது. ஒரு நாள் ஆபீசில் பேசிக்கொண்டிருக்கும்போது வாயில் ஏதோ சேர்வது போல இருந்தது. வாந்தி என்று பயந்து குழாயடிக்குப் போனேன். எச்சில்தான். அதை யாரிடம் போய்ச் சொல்வது? முழுங்கிவிட்டு வந்து வேலையைப் பார்த்தேன்.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் ஒரு சாயங்காலம், ஆபீசிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். மூடுபனி இறங்கியிருந்தது. தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையின் திருப்பத்தில் ஒரு காட்டெருமை நின்றது. அதன் மூச்சு முகத்தில் படும் தூரம் என்று சொன்னால் மிகை. ஆனால் அதன் மூக்கின் ஈரம் தெரிந்தது. கறுத்த உடம்பு, முட்டிக்குக் கீழே வெள்ளை. என்னைப் பார்த்தபடி நின்றது.

நெஞ்சில் ஏதோ ஒன்று இடித்தது. முதலில் புரியவில்லை. மறுபடி இடித்தது, மறுபடி. காதுவரை கேட்டது. கை மயிர் சால்வைக்குள் சிலிர்த்து நின்றது. உள்ளங்கையில் ஈரம். அசையாமல் நின்றேன், காலைப் பின்னிக்கொள்ளக்கூட மறந்து. தலை சுற்றவில்லை, சாம்பல் மூடவில்லை. காட்டெருமை தலையை ஒரு உதறு உதறிவிட்டுச் செடிகளை மிதித்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனது. கிளைகள் ஒடியும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

பாதையோரக் கல்லில் உட்கார்ந்தேன். நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் தம்பிக்குப் போன் செய்தேன். பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல்.

"கண்ணு, எனக்கு நெஞ்சு படபடங்குதுடா!"

"ஐயோ! என்னாச்சுங்க்கா? மறுக்கா மயக்கமா? ஆம்புலன்சுக்குச் சொல்லட்டுங்களா?"

"இல்லடா, காட்டெருமை. முன்னால வந்து நின்னுச்சு. பயந்துட்டேன். பயந்துட்டேன்டா!"

"போயிருச்சுங்களா அது?"

"போயிருச்சு. எனக்கு வேர்த்திருக்கு பாரு, கையெல்லாம்."

"சூதானமா வீட்டுக்குப் போங்க்கா. ஏனுங்க்கா, இருட்டறதுக்கு முன்னாலயே வந்துரலாமில்ல? அங்க ஒண்டியா இருக்கறதே எனக்குப் புடிக்கல. சித்த இருங்க, பார்ட்டி வந்திருக்காங்க. அப்பறமாக் கூப்பிடறேனுங்க்கா."

போன் நின்றது. வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரலுக்கடியில் நாடி வேகமாக ஓடி, கொஞ்சம் கொஞ்சமாக மட்டுப்பட்டது. யாரும் சொல்லாமல் ஏறியது, யாரும் சொல்லாமல் இறங்கியது. அது அடங்கியபோது லேசான ஏமாற்றமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அடித்திருக்கலாம்.

பனி கெட்டியாகிவிட்டிருந்தது. எழுந்து, மிதிபட்ட செடிகளைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.